மஞ்சள் படம் பார்த்த அக்கா

முதல் தடவை அந்த அலறல் கேட்டபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மொன்றியல் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் வீடு எடுத்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. மேல்மாடியில் ஒரு பெண் உயிர் போகிறதுபோலக் கத்தினாள். ஏதோ உடைந்தது. திரும்பவும் கத்தினாள். என் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போயிருந்தார். யோசிக்க நேரமில்லை. படியேறி ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், உள்ளே கேட்டதைவிடப் பெரிதாக அலறினார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மீன் வெட்டுகிற கத்தி. மணிக்கட்டுக்கு மேலேவரை இரத்தம்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவர் மூக்கைச் சுளித்து மணம் பிடித்தார்.

"விளைமீனோ, பாரையோ?"

"விளை."

"இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை. அது படம். கையைக் கழுவிப்போட்டு உள்ளை வாரும். இனித்தான் மூண்டாவது கொலை."

அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கட்டையான ஆள், தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருப்பார். தனியாக இருந்தார். எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் அவரை இத்தாலி அக்கா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டவர் நேரே கனடா வரவில்லை. நடுவில் பதினொரு வருடம் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தில் இருந்தார். ஒரு பணக்கார விதவையின் வீட்டோடு தங்கி அவரைப் பராமரிக்கிற வேலை. அந்த விதவைக்கு உலகத்தில் ஒரே ஒரு பொழுதுபோக்கு, அந்த நாட்டின் பழைய கொலைப் படங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு அக்காவைப் பக்கத்தில் இருத்திக்கொள்வாராம்.

அந்தப் படங்களை இத்தாலியர் ஜாலோ என்கிறார்கள். மஞ்சள் என்று அர்த்தம். ஒரு காலத்தில் அங்கே துப்பறியும் நாவல்கள் மஞ்சள் அட்டையில் வந்தனவாம். நாவலுக்கு வந்த பெயர் படத்துக்கும் ஒட்டிக்கொண்டது. எல்லாப் படத்திலும் கறுப்புத் தோல் கையுறையும் மழைக்கோட்டும் போட்ட ஓர் ஆள் வருவார். முகம் தெரியாது. பெரிய வீடுகள், சுழன்று சுழன்று மேலே போகும் படிக்கட்டுகள், காரணமே இல்லாமல் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம், தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு, கத்தி. யார் கொலைகாரர் என்பது கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியும்.

இதைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அக்கா ஒருநாள் தமிழில் விளங்கப்படுத்தப் போய், "மஞ்சள் படம்" என்று சொல்லிவிட்டார். ஒரு கிழமைக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. கீழ்வீட்டுப் பெண் என்னைப் படியில் மறித்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவ ஞாயிறு ஞாயிறாக் கதவைப் பூட்டிப்போட்டு மஞ்சள் படம் பாக்கிறாவாம். நீங்களும் போறியளாம். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

நான் இதை அக்காவிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "ரெண்டிலையும் உடுப்புக் குறைவுதான். ஆனா இதிலை கதை இருக்கெண்டு சொல்லு" என்றார். அதற்குள் நான் "நீர்" இல்லை, "நீ" ஆகியிருந்தேன்.

மொன்றியலில் இத்தாலியர் வாழும் பக்கத்தில் ஒரு வீடியோக் கடையை மூடினபோது இரண்டு பெட்டி நிறைய டிவிடி வாங்கி வைத்திருந்தார். எனக்கு இத்தாலி மொழி தெரியாது. அக்கா சோபாவில் காலை மடக்கி வைத்துக்கொண்டு உடனுக்குடன் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லுவார். "இன்ஸ்பெக்டர் சொல்லுறார், உம்மடை பாஸ்போட்டைத் தாரும், விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகேலாது எண்டு." அந்தப் படங்களில் அடிக்கடி கொலையைக் காண்பவர் வெளிநாட்டுக்காரர். பொலிஸ் அவரை நம்பாது. பாஸ்போட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் அக்கா உற்சாகமாகி விடுவார். "பாத்தியோ! கண்டவனும் அவன்தான், அலையிறவனும் அவன்தான்."

கொலைக்கான காரணம் கடைசியில் வெளிவரும்போது மட்டும் அவருக்குப் பிடிக்காது. அனேகமாகக் கொலைகாரர் சின்ன வயதில் ஏதோ பயங்கரத்தைக் கண்டிருப்பார், அதனால் மனம் பேதலித்திருக்கும். அக்கா ரிமோட்டைச் சோபாவில் எறிவார். "சின்னனிலை கண்டதுக்கெல்லாம் கொலை செய்யிறதெண்டா எங்கடை ஊரிலை ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டினம்."

கத்தி வரும் இடங்களை அவர் பார்ப்பதேயில்லை. கண்ணை மூட மாட்டார், முகத்தைத் திருப்ப மாட்டார். வலது கையை நீட்டி உள்ளங்கையால் திரையின் நடுவை மறைத்துக்கொள்வார். ஓரங்களை மட்டும் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்தியிலை பாக்க என்ன கிடக்கு? எல்லாரும் அதைத்தான் பாப்பினம். அவங்கள் ஒளிச்சு வைக்கிற சாமான் கரையிலைதான் கிடக்கும்."

அந்தப் பழக்கம்தான் அக்கா. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன். படத்தை நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

"என்ன கண்டனி?"

"டாக்டர்தான் கொலைகாரன்."

"நான் அதைக் கேக்கேல்லை. என்ன கண்டனி?"

"கறுப்புக் கையுறை போட்ட கை. கதவைத் திறந்தது."

"எந்தக் கை?"

"இடது... இடது கை."

"ம். அது நீ கண்டது. டாக்டர் எண்டது நீ நினைச்சது. ரெண்டையும் குழைக்காதை."

படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் ஊர்க்கதைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்பார். ஒருமுறை கீழ்வீட்டுப் பெண், எங்கள் தெருவில் ஒரு பெடிச்சி யாரோடோ திரிகிறாள், அக்காடி மெட்ரோ நிலையத்தில் வைத்துக் கண்டேன் என்று தொடங்கினாள். அக்கா மா குழைத்துக்கொண்டே கேட்டார், "என்ன கண்டனீர்?" கீழ்வீட்டுப் பெண் நிறையச் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசியில் மிஞ்சியது, இரண்டு இளம் ஆட்கள் ஒரே ரயில் பெட்டியில் நின்றார்கள் என்பது. "அப்ப நானும் அந்தப் பெட்டியிலை நிண்டிருந்தா நானும் அவனோடை ஓடிப்போனனானோ?" கீழ்வீட்டுப் பெண் அதற்குப் பிறகு அக்காவின் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். அக்காவுக்கு நண்பர்கள் குறைவு என்றால் அதற்கு இதுதான் காரணம். அவரோடு வம்பளக்க முடியாது.

அஹுன்ட்சிக் பக்கத்தில் வயதானவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் அவருக்கு வேலை. அங்கே பாதிப் பேர் இத்தாலியர். அக்காவின் இத்தாலி மொழியில் பாதி சமையலறையில் வந்தது, மற்றப் பாதி கொலைப் படத்தில் வந்தது. ஒருநாள் ஒரு தாத்தாவுக்கு முகச்சவரம் செய்யும்போது அவர் அசைந்துகொண்டே இருந்தாராம். கொஞ்சம் அசையாமல் இருங்கோ என்று சொல்ல நினைத்தார். அவசரத்தில் வாயில் வந்த வாக்கியம், "அசைந்தால் உன் கழுத்து அறுபடும்" என்பது. சவரக்கத்தியோடு நின்று அதைச் சொன்னால் எப்படி இருக்கும்! தாத்தா ஒரு விநாடி திகைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். அதற்குப் பிறகு வேறு யாரையும் தன் முகத்தைத் தொட விடவில்லை.

இனி நான் சொல்லப்போவது அதற்கு அடுத்து வந்த மாசி மாதம் நடந்தது.

நான் விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் ஒரு பெரிய சமையல்கூடத்தில் வேலை செய்தேன். விமானத்தில் பணிப்பெண்கள் தள்ளிக்கொண்டு வருவார்களே, உயரமான ஒடுக்கமான உலோக வண்டி, அதற்குள் தட்டுகளை அடுக்குவது எங்கள் வேலை. நிரப்பிய வண்டி ஓர் ஆளைவிடப் பாரம். கீழே உள்ள பிரேக்கைக் காலால் மிதித்து விடாவிட்டால் சரிவில் தானாக ஓடும். எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் குளிர் அறையின் கதவு. அதற்கு அடுத்தாற்போல் லொறிகளுக்கு இறங்கும் சரிவு. குளிருக்காக எல்லாரும் ஒரே மாதிரித்தான் உடுத்தியிருப்போம். தலையை மூடும் தொப்பியோடு நீல நிறத் தடித்த கோட், வாய்க்கு மாஸ்க், கறுப்பு ரப்பர் கையுறை.

அன்றைக்கு யாரோ ஒருவர் நிரப்பிய வண்டியைச் சரிவின் தலைப்பில் விட்டுவிட்டுக் குளிர் அறைக்குள் போனார். பிரேக் போடவில்லை. வண்டி ஓடியது. கீழே குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணின் காலில் மோதியது. அந்தச் சத்தத்தை இப்போதும் சொல்ல மாட்டேன். கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அம்புலன்ஸ் போன பிறகு எங்கள் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்தவர். எனக்கும் இன்னும் பல தமிழருக்கும் அங்கே வேலை எடுத்துத் தந்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார்.

"நீ உந்தப் பக்கம்தானே பாத்துக்கொண்டு நிண்டனி. வண்டியை விட்டிட்டுப் போனது ஆர்? அந்த நெட்டையன்தானே?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு ஓம். பிரெஞ்சில் எழுதியிருந்த படிவத்தின் அடியில் கையெழுத்து வைத்தேன்.

நெட்டையன் என்று அவர் சொன்னது எமானுவேலை. ஹெய்ட்டியில் இருந்து வந்தவர், ஒப்பந்தத்தில் வேலை செய்தார். அங்கே சாப்பாட்டு நேரத்தில் தமிழர் ஒரு மேசையில், ஹெய்ட்டிக்காரர் வேறு மேசையில். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய உயரம் மட்டும்தான். எங்கள் ஆள் ஒருவரின் பெயரைக் கேட்டிருந்தால் அந்த ஓம் அவ்வளவு சுறுக்காக வந்திராது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் அக்கா எனக்குச் செய்தது என்னவென்று விளங்காது.

வேலை முடிய முன்பே எமானுவேலின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பின்னேரம் மேல்வீட்டுக்குப் போய், மரிசெலின் காலைப் பற்றிச் சொல்லி அழுதேன். ஆளைப் பிடித்துவிட்டார்கள், நான்தான் கண்டனான் என்றும் சொன்னேன். அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார்.

"என்ன கண்டனி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது படமில்லை அக்கா."

"ஓம். படமெண்டா முடிவிலை அவங்களே சொல்லிப்போடுவாங்கள்" என்றார். பிறகு, "முகம் கண்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை. முதுகு."

அவர் எழும்பிப்போய்த் தன் குளிர்காலக் கோட்டைப் போட்டுத் தொப்பியை இழுத்துவிட்டார். கையுறையும் போட்டார். சாமான் வாங்கும் வண்டிலைக் குசினி வாசலுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார்.

"நீ அந்தக் கதிரையிலை இரு. அண்டைக்கு எங்கை நிண்டனியோ அந்த அளவு தூரம் எண்டு நினை. நான் நடக்கிறன். எங்கை பிழையோ சொல்லு."

வண்டிலைத் தள்ளி, விட்டுவிட்டு, வாசலுக்குள் போனார். "கெதியா நடந்த ஆள்" என்றேன். திரும்பி வந்து வேகமாக நடந்தார். "விட்டவுடனை போகேல்லை. ஒரு கை கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை போனது." மூன்றாம் தரம் கையைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்த நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"நில்லுங்கோ."

"என்ன?"

"நீங்கள் நேரை போறியள்."

"வாசலுக்குள்ளாலை வேறை எப்பிடிப் போறது?"

"எமானுவேல் அப்பிடிப் போறேல்லை. அந்தக் கதவுக்கு மேலை ஒரு இரும்பு கிடக்கு. அவருக்கு அது இடிக்கும். ஒவ்வொருக்காலும் குனிஞ்சுதான் போறவர். நான் நெடுகலும் பாக்கிறனான்."

"நீ கண்ட ஆள்?"

கண்ணை மூடினேன். நீல முதுகு. தொப்பி. கறுப்புக் கையுறை பொக்கற்றுக்குள் போகிறது. முதுகு கதவுக்குள் போகிறது.

"குனியேல்லை" என்றேன்.

அக்கா தொப்பியைக் கழற்றினார். முகம் வியர்த்திருந்தது. எனக்கு ஒரு பெயர் வாய்வரை வந்தது. அவர் அதைக் கண்டிருக்க வேண்டும். கையைத் தூக்கி மறித்தார்.

"அது நீ காணேல்லை. சொல்லாதை. எனக்கும் சொல்லாதை."

கண்டது தெரிந்துவிட்டது. ஆனால் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. என் கணவர் மெல்லிய ஆள், சத்தம் போடமாட்டார். அன்றைக்குச் சத்தம் போட்டார். "கையெழுத்து வைச்சதை மாத்திச் சொன்னா உன்னைப் பொய்காரி எண்டுதான் சொல்லுவினம். அண்ணை வேலை எடுத்துத் தந்தவர். கோயிலிலை முழிக்கிற முகம். அந்தாள் எங்களுக்கு என்ன சொந்தமே?" அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. மூன்று நாள் வேலைக்குப் போய்வந்தேன். எமானுவேலின் இடத்தில் வேறு ஒருவர் நின்றார். நான் தலை நிமிர்த்தாமல் தட்டு அடுக்கினேன்.

அந்த மூன்று நாளும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் படியில் கண்டபோது சொன்னார், "நாளைக்கு லீவு போட்டிருக்கிறன்."

"ஏன்?"

"இந்த ஊருக்கு வந்து எத்தினை வருசம், டோர்வல் பக்கம் நான் வடிவாப் பாக்கேல்லை. போய்ப் பாக்க வேணும் போலை கிடக்கு."

மாசி மாதத்துக் குளிரில் ஒருவரும் டோர்வல் பார்க்கப் போவதில்லை. அடுத்த நாள் காலை இரண்டு பேரும் மெட்ரோவில் போய் பஸ் மாறினோம். வழியில் அவர் எனக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. தன் இல்லத்தில் ஒரு பாட்டி பல்செட்டைச் சூப்புக்குள் போட்டுவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் சமையல்கூட வாசலில் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. "நான் பஸ் நிக்கிற இடத்திலை இருக்கிறன். நீ போ" என்றார்.

அலுவலகத்தில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் இருந்தார். என் அரைகுறைப் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொன்னேன். நான் முதலில் சொன்னது பிழை. முகத்தை நான் காணவில்லை. அந்த ஆள் கதவில் குனியவில்லை. அவருக்கு அது விளங்கவில்லை. என்னோடு கீழே வந்தார். நான் நின்ற இடத்தில் தான் நின்று, ஆட்களை அந்தக் கதவால் நடக்கச் சொல்லிப் பார்த்தார். சராசரி உயரமான ஆட்கள் நேரே போனார்கள். எமானுவேலோடு வேலை செய்யும் உயரமான இன்னொருவர் குனிந்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். பிறகு, அப்படியானால் அது யார் என்று கேட்டார். அண்ணை பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது. நான் காணவில்லை" என்றேன்.

வெளியே வரும்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா பஸ் தரிப்பில் இருந்த கண்ணாடிக் கூட்டுக்குள் கால்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு நின்றார். புருவத்தில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"நீ என்ன சொன்னனி?"

"முகம் காணேல்லை எண்டு. குனியேல்லை எண்டு."

"ஆரெண்டு கேட்டவையோ?"

"கேட்டவை. தெரியாதெண்டனான்."

"அவ்வளவும் காணும். வா, எனக்குக் கால் விறைச்சுப் போச்சு."

இரண்டு நாள் கழித்து அண்ணை தானாகவே அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். வண்டியை விட்டது அவர்தான். பொக்கற்றுக்குள் இருந்த தொலைபேசியில் மகனின் பள்ளிக்கூடத்தில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. சத்தமில்லாத இடத்தில் நின்று பேச ஒரு நிமிடம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எமானுவேலும் அந்த வழியால் வண்டி தள்ளியதால், கடைசியாக விட்டது அவர்தான் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டாராம். நான் இதை அக்காவிடம் சொன்னபோது அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "இதுக்குத்தான் நான் படம் பாக்கிறன். அதிலை கெட்டவன் கெட்டவனாவே இருப்பான்" என்றார்.

எனக்கு இதனால் நன்மை ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைப் பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். கோயிலில் அண்ணையின் மனைவி என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நின்று கும்பிட்டார். கீழ்வீட்டுப் பெண் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மரிசெல் மட்டும் கோடையில் திரும்பி வந்து, ஊன்றுகோலோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். அதற்கிடையில் என் கணவர் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நீ செய்தது சரிதான்" என்று சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது பெரிய பேச்சு.

எமானுவேல் பதினொரு நாளுக்குப் பிறகு வேலைக்கு வந்துவிட்டார். நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அவருக்குத் தெரியுமோ?"

"எது?"

"முதல் ஓம் சொன்னது நீ எண்டு."

"தெரியாது."

படத்தில் யாரோ படியேறிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற மேசைக்குப் போனேன். எமானுவேல் தனியாக இருந்தார். உங்கள் பெயரைக் கேட்டபோது ஓம் என்று சொன்னது நான் என்றேன். பிறகு மாற்றிச் சொன்னதும் நான்தான் என்பதை அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை, அல்லது சொல்ல நான் விரும்பவில்லை. அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"பதினொரு நாள் என் மனைவிக்கு விளக்கம் சொன்னேன்" என்றார் பிரெஞ்சில், எனக்கு விளங்கும்படி மெதுவாக. "செய்யாத ஒன்றுக்கு எப்படி விளக்கம் சொல்வது, மேடம்?"

எழும்பி வேறு மேசைக்குப் போய்விட்டார். இளவேனில் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனி மாதம் ஒரு காலை, படியில் எதிரே வந்தவர் "பொன்ஜூர்" என்றார். நானும் சொன்னேன். இரண்டு படி தாண்டிய பிறகு நின்று, "குளிர் அறைக் கதவை மாற்றிவிட்டார்கள், பார்த்தீர்களா?" என்று கேட்டார். அன்றைக்குத் தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் அந்தப் புதுக் கதவால் தலை நிமிர்ந்து போனார். நெற்றியில் இடிக்கப் போகிறது என்று நான்தான் ஒருமுறை குனிந்தேன்.

அக்கா எங்கள் கட்டடத்தை விட்டுப் போனது அதற்கு நாலு வருடங்களுக்குப் பிறகு. நோர்வேயில் இருந்த அவருடைய தங்கைக்குச் சுகமில்லை. கார்த்திகை மாதம், முதல் பனி விழுந்த ஒரு மத்தியானம். வீடு வெறுமையாகிவிட்டது. கதிரைகூட இல்லை. இரண்டு பேரும் பெட்டிகளின் மேல் இருந்து தேத்தண்ணி குடித்தோம். பல வருடங்களாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் அக்கா எனக்காக லீவு போட்டு அவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

அவர் தேத்தண்ணியை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எனக்கொரு அண்ணா இருந்தவர். உனக்குச் சொல்லேல்லை. எங்கடை ஊரிலை ஒருநாள் ஆமிச் சுற்றிவளைப்பு. ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவிலை வரிசையா நிக்க விட்டவங்கள். வாகனத்துக்குள்ளை ஒருத்தன், முகத்துக்குச் சாக்குப் போட்டுக் கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. தலையாட்டி. அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டுறானோ அவரைக் கொண்டு போவாங்கள். அண்ணா வரேக்கை ஆட்டினான். அண்ணா பேக்கரியிலை வேலை செய்தவர். ஒண்டுக்கும் போகாத ஆள். அவ்வளவுதான், பேந்து நாங்கள் காணேல்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கன காலம் அந்தத் தலையாட்டியை நான் மனசுக்குள்ளை விதம் விதமாச் சபிச்சனான். பலேர்மோவிலை இருக்கேக்கை ஒருநாள் திடீரெண்டு யோசிச்சன். அவனும் எவ்வளவு பயத்திலை ஆட்டினானோ. அவனுக்குப் பக்கத்திலை போய் நிக்க ஒரு சீவன் இருந்திராது. ஒருத்தர் நிண்டிருந்தாலும் அவன் சில நேரம் ஆட்டாமல் விட்டிருப்பான்."

அவர் எழும்பிப்போய்க் கோப்பைகளைக் கழுவினார். டாக்சி வந்து ஹோர்ன் அடித்தது. பெட்டிகளை நான்தான் இறக்கினேன், அவருக்கு முழங்காலில் நோவு. கதவைச் சாத்தும்போது அவர் திரும்பி வீட்டைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வது குறைவு. வாயில் அந்தச் சொல் வந்தாலே நாடகம் மாதிரி இருக்கும். நான் அன்றைக்குத் தெருவில் நின்று சொன்னேன். "அக்கா, நன்றி" என்று சத்தமாகவே சொன்னேன். டாக்சிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கண்ணாடியை இறக்கி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"ஓம், ஓம். உள்ளை போ பிள்ளை. காலிலை சப்பாத்தும் இல்லாமல் நிக்கிறாய்."

குனிந்து பார்த்தேன். வீட்டுக்குள் போடும் செருப்போடு, கணுக்கால்வரை பனிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.